ஒண்ணில் அடிக்காதவர்கள்

எங்கள் சபையில் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவர் மஸ்கட்டுக்குப் போனபோது, சபைக்குச் சொந்தமான அந்த கிட்டார் ஞாயிறு பள்ளி அறையின் மூலையில் சுவரைப் பார்த்து நின்றுவிட்டது. நாலு தடித்த கம்பிகள், கறுப்பு உடம்பு, தோளில் மாட்டினால் ஆளை ஒரு பக்கமாகச் சாய்க்கும் கனம். அதை எடுத்து வாசிக்க ஆண்கள் யாரும் முன்வரவில்லை. எல்லாருக்கும் கீபோர்டு வேண்டும், இல்லாவிட்டால் சாதாரண கிட்டார். பேஸ் வாசிப்பவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கடைசியில் சபையில் டிரம்ஸ் வாசித்த என் அண்ணன் அதைத் தூசி தட்டி எடுத்து என் தோளில் மாட்டினான்.

“பெண்ணு இதை வாசிச்சா ஆளுக சிரிப்பாவ, அண்ணா.”

“கோயிலுக்குள்ளதானே வாசிக்கப் போற? அங்க இருந்து சிரிக்கியதுக்கு எவனுக்குத் தைரியம் உண்டு?”

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நான் பி.காம். முடித்துவிட்டுப் பாறசாலையில் ஒரு டுட்டோரியலில் கணக்குப்பதிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் நெய்யாற்றின்கரையில் இருசக்கர வாகனங்களின் உதிரி பாகங்கள் விற்கும் கடையில் வேலை பார்த்தான். அப்பா தாலுகா ஆபீசில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனையில் பாட்டை எடுத்துக் கொடுப்பவரும் அவர்தான். கோயில் வேலைக்குத்தானே என்று நான் பேஸ் வாசிப்பதற்கு அவர் தடை சொல்லவில்லை. “கால் மறையுத பாவாடை உடுத்திட்டு நில்லு” என்றார், அவ்வளவுதான்.

அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுத்தது குறைவு. அவன் கால் மிதிக்கும் பெரிய டிரம்மோடு சேர்ந்து ஒரு கம்பியை இழுக்க வேண்டும்; பாட்டு எந்த சுருதியில் நிற்கிறதோ அதிலேயே நானும் நிற்க வேண்டும். கீர்த்தனைகளுக்கு அது போதுமானதாக இருந்தது.

பிறகு மாமா லீவில் வந்தார். அம்மாவின் தம்பி, சரக்குக் கப்பலில் சமையல்காரர். அவர் கொண்டுவந்த பெட்டியில் சோப்பு, டார்ச் லைட்டுகளோடு இரண்டு ஒலிநாடாக்களும் இருந்தன. கப்பல் ஜமைக்காவில் சரக்கு இறக்கக் காத்துக் கிடந்தபோது துறைமுகத்துக்கு வெளியே ஒரு கடையில் வாங்கியதாகச் சொன்னார். அட்டைப் படத்தில் பாடகர்கள் இருந்தார்கள். மாமா அவர்களைக் காட்டவில்லை. அட்டையின் உள்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருந்த இரண்டு பெயர்களைக் காட்டினார்.

“பாடுதவன் மாறிட்டே இருப்பான். இந்த ரெண்டு பேரு மாறாது. ஒருத்தன் டிரம்ஸ், ஒருத்தன் பேஸ். அந்த ஊருல யாரு பாடினாலும் பொறத்த இவனுவதான் இருப்பானுவளாம். கடைக்காரன் சொன்னதாக்கும்.”

அண்ணன் அந்தப் பெயர்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் நிற்கிற இரண்டு பேரைப் பற்றி யாரோ ஒரு கடைக்காரர் பெருமையாகப் பேசினார் என்பதே எங்களுக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

நாடாவைப் போட்டபோது முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. அண்ணன்தான் கண்டுபிடித்தான். நாலு எண்ணினால் ஒண்ணில் டிரம்ஸ் விழ வேண்டும். நாங்கள் கேட்ட எல்லாப் பாட்டும் அப்படித்தான். இவர்கள் சில பாட்டுகளில் ஒண்ணைச் சும்மா விட்டுவிடுகிறார்கள். இரண்டும் சும்மா போகிறது. மூன்றில் மொத்த கனமும் வந்து இறங்குகிறது. பேஸ் அதைவிட விசித்திரம். சில சத்தங்களைப் போட்டுவிட்டு, பேசிக்கொண்டிருந்தவர் எழுந்து போனது மாதிரி நின்றுவிடும். அந்த வெற்றிடத்தை டிரம்ஸ்காரர் நிரப்புவதில்லை. காத்திருக்கிறார். திரும்பி வந்ததும் இருவரும் சேர்ந்து நடக்கிறார்கள். ஒருவர் எதைச் சொல்லாமல் விடப் போகிறார் என்பது மற்றவருக்குத் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை மதியங்களில் ஞாயிறு பள்ளி அறையில் நாங்கள் அதைப் பழகினோம். கொஞ்சநஞ்சம் இல்லை, மழைக்காலம் முழுக்கப் பழகினோம். எனக்கு ஆன சிரமம் கம்பியில் இல்லை. சும்மா இருப்பதில் இருந்தது. கை தானாகப் போய் வாசித்துவிடும். “மக்கா, பொறு. அங்க ஒண்ணும் வேண்டாம்” என்பான் அண்ணன். ஒரு நாள் அது வந்தது. நான் நிறுத்திய இடத்தில் அவனும் நிறுத்தினான். இருவரும் ஒரே கணத்தில் திரும்பி உள்ளே வந்தோம். என் கைகளில் மயிர் சிலிர்த்தது. அண்ணன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு வாசலில் போய் நின்றான். அவன் கண்ணைத் துடைத்தானா, வியர்வையைத் துடைத்தானா என்று நான் பார்க்கவில்லை.

அந்த ஓணத்துக்குச் செங்கல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு கிளப்பில் கானமேளா, சினிமாப் பாட்டுக் கச்சேரி. சாயந்திரம் ஆறு மணிக்கு ஆரம்பம். அங்கே வாசிக்க இருந்த குழுவின் டிரம்ஸ்காரரும் பேஸ்காரரும் வேறொரு பெரிய குழுவோடு கொல்லத்துக்குப் போய்விட்டதால், கீபோர்டு வாசிப்பவர் அண்ணனைத் தேடிக் கடைக்கு வந்தார். அவர் அண்ணனோடு படித்தவர்.

“உனக்க தங்கச்சியும் வரட்டு. பெண்ணு பேஸ் வாசிச்சா ஒரு புதுமையும் ஆச்சு.”

அப்பாவிடம் கேட்டபோது அவர் தயங்குவார் என்று நினைத்தேன். அவரோ சந்தோஷப்பட்டார். ஆபீசில் தன்னோடு வேலை பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். அன்று அவர் வெள்ளை வேட்டி சட்டையில் முன்வரிசை நாற்காலியில் இருந்தார்; அவருக்கு இரண்டு பக்கமும் தாலுகா ஆபீஸ்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். 

முதலில் எல்லாம் நன்றாகவே போனது. வழக்கமான தாளத்தில் வழக்கமான சினிமாப் பாட்டுகள். ஒரு பெண் பேஸ் வாசிப்பதைப் பார்த்து முன்னால் நின்ற இளவட்டங்கள் விசில் அடித்தார்கள். அது கேலி இல்லை. நான் குனிந்து கம்பியையே பார்த்தேன். பிறகு அந்த வருஷம் எல்லார் வாயிலும் இருந்த ஒரு மெல்லிய பாட்டு வந்தது. அண்ணன் என்னைப் பார்த்தான். வாயசைத்தான். “ஒண்ணு இல்லாம.”

நான் தலையாட்டினேன். ஆசையோடுதான் ஆட்டினேன்.

பாடகர் அந்த வட்டாரத்தில் பேர் பெற்றவர், பெரிய குரல். அவர் உள்ளே நுழைவதற்கு ஒண்ணைத் தேடினார். ஒண்ணில் எதுவும் இல்லை. மூன்றில் அடி விழுந்ததும் அதையே ஒண்ணு என்று நினைத்து ஆரம்பித்துவிட்டார். கீபோர்டு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கமாகப் போயிற்று. அவர் நிறுத்தினார், திரும்பி எங்களைப் பார்த்தார், சிரித்தார், மறுபடி எடுத்தார். மறுபடியும் அதே இடத்தில் விழுந்தார்.

கூட்டத்தின் பின்னாலிருந்து முதல் கூவல் வந்தது. எங்கள் பக்கத்துக் கானமேளாக்களில் அதுதான் தண்டனை. ஒருவன் தொடங்கினால் எல்லாரும் வாயைக் குவித்துக் கூவுவார்கள். நரிகள் கூட்டமாக ஊளையிடுவது போல இருக்கும். “தாளம் போயே!” என்று யாரோ கத்தினார்கள். கூவல் முன்வரிசை வரை வந்தது. சற்று முன் விசில் அடித்த அதே பையன்கள்தான்.

பழைய தாளத்துக்கு மாறிவிடலாம் என்று நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் மாறவில்லை. இன்னும் ஒரு சுற்று அப்படியே வாசித்தான். பிறகு குச்சிகளை டிரம்மின் மேல் வைத்துவிட்டு எழுந்து, மேடையின் பின்புறப் படிகளில் இறங்கிப் போய்விட்டான்.

நான் நின்றுகொண்டிருந்தேன். கைகளை என்ன செய்வதென்று தெரியாததால் வாசித்துக்கொண்டும் இருந்தேன். பாட்டு இல்லை, டிரம்ஸ் இல்லை, கீபோர்டுகூட நின்றுவிட்டது. என்னுடைய அந்தச் சில சத்தங்கள் மட்டும் பெரிய ஒலிபெருக்கிகளில் வெளியே போய்க்கொண்டிருந்தன. இரண்டு மூன்று சத்தம், பிறகு ஒன்றுமில்லை, பிறகு மறுபடி. அந்த இடைவெளிகளில் கூவல் நன்றாகக் கேட்டது.

பாடகர் மைக்கைக் கீழே தாழ்த்தாமலே சொன்னார்: “மதி மோளே, மதி. போதும், நிறுத்து.”

கூட்டம் சிரித்தது. நான் அவசரமாக கிட்டாரிலிருந்து வயரைப் பிடுங்கினேன். ஆம்ப்ளிஃபயரை அணைக்காமல் பிடுங்கினால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பிடுங்கினேன். “டும்” என்று மைதானமே அதிர்ந்தது. ஒரு குழந்தை வீரிட்டது. அதன் பிறகு வந்த சிரிப்பு, நான் சாகும்வரை என் காதில் இருக்கும் என்று அன்று நினைத்தேன்.

அப்பா எழுந்து போகவில்லை. மேடையின் ஓரத்தில் வந்து எனக்காகக் காத்து நின்றார். தாலுகா ஆபீஸ்காரர்கள் எங்களைப் பார்க்காமலிருக்க, ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். பஸ்சில் நான் பெண்கள் சீட்டிலும் அவர் பின்னாலுமாக வந்தோம். இறங்கிய பிறகுதான் கேட்டார்.

“அண்ணன் எங்க?”

“தெரியாதுப்பா.”

அவன் மறுநாள் மதியம் வீட்டுக்கு வந்தான். அம்மா சோறு போட்டாள். சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டான். என்னைப் பார்க்கவில்லை.

டுட்டோரியலுக்குப் போனால் கடைசி பெஞ்சிலிருந்து மெதுவாக “டும்” என்று ஒரு சத்தம் வரும். நான் திரும்பினால் எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்கள். கரும்பலகையில் எழுதும்போது முதுகு எரியும். பஸ் ஸ்டாண்டில் கூட யாரோ சொன்னார்கள். உண்மையில் சொன்னார்களா, என் காதுதான் சொன்னதா என்று தெரியாது. அந்த மாதங்களில் கதவு சாத்துகிற சத்தம்கூட என்னைப் பற்றியதாகவே கேட்டது. கிளப் இருந்த ரோட்டை விட்டுவிட்டு மரச்சீனிக் கிழங்குத் தோட்டங்களுக்கு நடுவே சுற்றிப் போக ஆரம்பித்தேன். சபையில் டிரம்ஸை ஒரு பழைய திரைச்சீலையால் மூடிப்போட்டான் அண்ணன். கடையில் வேலை அதிகம் என்று கமிட்டியிடம் சொல்லிவிட்டான். கிட்டார் பழையபடி மூலைக்குப் போயிற்று.

கூவல் வாங்கியதைவிட என்னைத் தின்றது வேறொன்று. நாங்கள் சரியாகத்தான் வாசித்தோம். அது எனக்குத் தெரியும். சரியாக வாசித்தும் நாணப்பட வேண்டியிருந்ததை யாரிடம் சொல்வது? சொல்லக்கூடிய ஒரே ஆள் அண்ணன். அவன் என் எதிரே உட்கார்ந்து மீன்முள்ளை எடுத்துக்கொண்டிருப்பான், நாங்கள் பேசவில்லை.

தை மாதத்தில் காஞ்சிரங்குளத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் சர்க்கார் வேலையில் இருந்தான். அவனும் அவன் அம்மாவும் ஒரு பெரியப்பாவும் வந்தார்கள். நான் அடுக்களையில் சாயாத் தட்டோடு, அம்மா கூப்பிடுவதற்காகக் காத்து நின்றேன். முன்னறையில் பேசுவதெல்லாம் கேட்டது. பையனின் அம்மா மெதுவான குரலில் கேட்டார்.

“ஓணத்துக்குச் செங்கல்ல ஒரு பிள்ளை கிட்டார் வாசிச்சதுண்ணு கேட்டோம். அது இந்தப் பெண்ணாக்குமா?”

 அப்பாவின் குரல் கேட்டது.

“இல்ல, இல்ல. அது எங்க சபையில வேற ஒரு பிள்ளை.”

அப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ரேஷன் கடையில் தவறி இரண்டு கிலோ கூடுதலாகப் போட்டுவிட்டால் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பவர். அம்மா என்னைப் பார்த்தாள், உடனே அடுப்பைப் பார்த்தாள்.  யாரும் கூப்பிடாமலே நான் முன்னறைக்குப் போனேன். தட்டை மேசையில் வைத்தேன்.

“நானாக்கும் அது” என்றேன். “கிட்டார் இல்ல, பேஸ் கிட்டார். எனக்க அண்ணன் டிரம்ஸ்.”

பையனின் பெரியப்பா பலகாரத் தட்டிலிருந்து அச்சப்பத்தை எடுத்த கையோடு அப்படியே இருந்தார். பையனின் அம்மா என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. அதுதான் கொடுமை. மிகவும் தன்மையாகச் சொன்னார்: “வாசிக்கியதுல ஒரு குறச்சலும் இல்ல மக்களே. எனக்க மகனுக்குப் பாட்டு இஷ்டம், அதனால கேட்டதாக்கும்.” பிறகு அப்பாவைப் பார்த்தார். 

பாதி சாயாவில் எழுந்தார்கள். “விவரம் சொல்லி அனுப்புதோம்” என்றார்கள். அனுப்பவில்லை.

அப்பா அன்று முழுக்கச் சட்டையைக் கழற்றாமல் அந்த நாற்காலியிலேயே இருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் வர வேண்டும். வரவில்லை. அவரைப் பார்க்கவே கூசியது. அவர் என்னைப் பார்த்துவிடுவாரோ என்றும் கூசியது. நான் போய்ச் சொன்னது அவரைக் காட்டிக்கொடுத்ததாக ஆயிற்றே என்று ராத்திரி அம்மா சொன்னாள். அவள் சொன்னது நியாயமாகவும் இருந்தது, அநியாயமாகவும் இருந்தது. அடுத்த ஞாயிறுகளில் அப்பா பாட்டு எடுத்துக் கொடுக்கவில்லை. தொண்டை சரியில்லை என்று பாதிரியாரிடம் சொன்னார். அதுவும் பொய்தான். வீட்டில் மூன்று பேர் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காமல் திரிந்தோம். அம்மா எங்களுக்கு நடுவில் தட்டு வைத்து எடுத்தாள்.

ஒரு சனிக்கிழமை டுட்டோரியல் முடிந்து நான் வந்தபோது, அண்ணனின் அறையிலிருந்து அந்த ஜமைக்காக்காரர்களின் நாடா கேட்டது. அண்ணன்தான் போட்டிருக்கிறான் என்று நினைத்து வேகமாகத் தாண்டிப் போகப் பார்த்தேன். உள்ளே அப்பா இருந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி, விரலால் தொடையில் தட்டி எண்ணிக்கொண்டிருந்தார். தப்பினார். நாடாவைப் பின்னால் ஓட்டி மறுபடி எண்ணினார். மறுபடி தப்பினார். எவ்வளவு நேரமாக அப்படிச் செய்துகொண்டிருந்தாரோ.

அண்ணன் கடையிலிருந்து வந்து என் பின்னால் வாசலில் நின்றதை நான் கவனிக்கவில்லை. அப்பா கண்ணைத் திறந்து எங்கள் இருவரையும் பார்த்தார்.

“எலே, ஒண்ணு எங்க இருக்கு? எனக்குப் பிடி கிட்டல்லியே.”

அண்ணன் உள்ளே வந்தான். “ஒண்ணு அங்கதான் இருக்குப்பா. அவரு அடிக்கல்ல. நீங்க மனசுல வச்சுக்கணும்.”

“அன்னைக்கு நீங்க வாசிச்சது இதா?”

“இதுதான்.”

அப்பா நாடாவை நிறுத்தினார். “ஆளுக கூவினப்போ, நானும் தெத்துண்ணுதான் நெனச்சேன்” என்றார். “எனக்க பிள்ளையளுக்குத் தாளம் தெரியல்லண்ணு நெனச்சேன். முப்பது வருஷமா பாட்டு நடத்துதவன், ஒரு தடவை காது குடுத்துக் கேக்கல்ல.” காஞ்சிரங்குளத்துக்காரர்களைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்தேன். அண்ணன் நின்றுகொண்டே எண்ணிக் காட்டினான். ஒண்ணில் கையை விரித்தான், மூன்றில் கட்டில் காலைத் தட்டினான். அப்பா கற்றுக்கொள்ள மிகவும் கஷ்டப்பட்டார்.

அன்று சாயந்திரம் அண்ணனும் நானும் கோயிலுக்குப் போய்த் திரைச்சீலையை எடுத்தோம். டிரம்ஸுக்குள் பல்லி முட்டையிட்டிருந்தது. அவன் அதை ஒரு காகிதத்தில் வாரி எடுத்து வெளியே வைத்துவிட்டு வந்து சொன்னான்.

“பிள்ளே, உன்னைத் தனியா விட்டுட்டு எறங்கிப் போனேன்லா. கூவினது எனக்குப் பெரிசில்ல. படி எறங்கினதுக்கு அப்புறம் பேஸ் சத்தம் கேட்டுது. நீ வாசிச்சிட்டே நிக்க. திரும்பி ஏறி வந்து உட்காந்தா போதும். கால் வரல்ல.”

 “எனக்கும் கால் வரல்ல, அதாக்கும் நின்னேன்” என்றேன். அவன் சிரித்தான். அது உண்மையும்கூட.

ஈஸ்டருக்கு ஒரு கீர்த்தனையை அந்த முறையில் வாசித்தோம். அப்பாதான் எடுத்துக் கொடுத்தார். முதல் அடியில் அவரும் தப்பினார். காது சிவந்துபோயிற்று; நிறுத்தாமல் பாடி, இரண்டாவது சரணத்தில் வந்து சேர்ந்தார். சபையாருக்கு ஒரு சிரமமும் இல்லை. எங்கள் சபை என்றைக்குமே தாளத்துக்குச் சற்றுப் பின்னால், இழுத்து இழுத்துப் பாடுகிற சபை. நாங்கள் விட்ட இடங்களிலெல்லாம் அவர்கள் குரல் போய் நிரம்பியது. யாரும் எதுவும் கவனிக்கவில்லை. ஆராதனை முடிந்து பாதிரியார் மட்டும் அண்ணனிடம் வந்து, “இன்னைக்கு டிரம்ஸ் சத்தம் குறவா இருந்தது. நல்லது. இப்படியே இருக்கட்டு” என்றார்.

அதற்குப் பிறகு அண்ணன் நெடுநாள் இங்கே இல்லை. கடையை விட்டுவிட்டு ஷார்ஜாவுக்குப் போனான். எனக்கும் கல்யாணமாயிற்று, என் வீட்டுக்காரருக்குப் பாறசாலையிலேயே வேலை என்பதால் நான் சபை மாற வேண்டியிருக்கவில்லை. டிரம்ஸுக்குப் புதிதாக ஒருவர் வந்தார். நல்ல மனிதர், பலமான கை, ஒவ்வொரு ஒண்ணிலும் ஓங்கி அடிப்பார். சபைக்கு அது பிடித்திருந்தது. அப்பாவின் குரலுக்கும் அது எளிதாக இருந்தது. நான் இரண்டு வாரம் தடுமாறிவிட்டு அவர் காலோடு சேர்ந்து வாசிக்கப் பழகிக்கொண்டேன்.

ஷார்ஜாவிலிருந்து அண்ணன் வெள்ளிக்கிழமைகளில் அம்மா வீட்டுக்குப் பக்கத்து வீட்டு போனுக்குக் கூப்பிடுவான்; அந்த நேரத்துக்கு நானும் அங்கே போய்விடுவேன். சபை விசேஷம் எல்லாம் கேட்டுவிட்டு ஒரு தடவை, “புது ஆளு எப்படி?” என்றான். நன்றாக வாசிக்கிறார் என்றேன். எப்படி வாசிக்கிறார் என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவிடம் பேசு என்று சொல்லி ரிசீவரைக் கொடுத்துவிட்டு, முகத்தை அவர்கள் பார்க்காதபடி வெளியே வந்து நின்றேன்.